இருபது ரூபாய்ப் பத்திரம்

செவிலிமேடு, காஞ்சிபுரம்
திங்கட்கிழமை காலை

என் அன்பு மகள் சுகாசினிக்கு,

அப்பா டேனியல், ஆண்டவர் கிருபையால் சுகமாயிருந்து எழுதுகிறேன். நீயும் மும்பையில் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். அம்மா எப்போதும் போல இருக்கிறாள் என்று எழுதப் போனேன், கை நின்றுவிட்டது. நேற்று சாயங்காலத்திலிருந்து அவள் எப்போதும் போல இல்லை. பதறாதே, நல்ல சேதிதான். வரிசையாகச் சொல்லுகிறேன். வரிசை மாறினால் எனக்குப் பேனா ஓடாது என்பது உனக்குத் தெரியும்.

தினமும்தான் ஏழு மணிக்கு போன் பண்ணுகிறேனே, அதில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நான் எடுத்தவுடனே "அம்மா காதுல வைங்கப்பா" என்கிறாய். வைக்கிறேன். நீ பத்து நிமிடம் பேசுகிறாய், அவள் கேட்டுக் கேட்டுத் தலையை ஆட்டுகிறாள். போன் என் கைக்குத் திரும்பி வரும்போது நீ வைத்துவிட்டிருப்பாய். அம்மாவுக்குப் பேச்சு நின்ற இந்தப் பதினான்கு மாதமாக இப்படித்தான் போகிறது. குறையாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொன்ன சொல்லுக்கு வேறு பெண்ணாக இருந்தால் இந்த போனும் வந்திருக்காது.

வாயால் பேசி எதையும் ஒழுங்காகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. பதிவு அலுவலகத்துக்கு எதிரே முப்பத்துநான்கு வருடம் உட்கார்ந்து ஊரார் வீட்டுக்கும் மனைக்கும் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். அதனால் இதையும் எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் விருது விஷயம். நேற்று ஆறு மணிக்கே அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து டிவிக்கு நேரே நகர்த்தினேன். நீலச் சேலைதான் வேண்டும் என்று இடது கையால் காட்டினாள். எனக்குக் கொசுவம் வைக்க வராது. பதினான்கு மாதம் பழகியும் வரவில்லை. எதிர்வீட்டு வெங்கடேசன் சம்சாரம் வந்து கட்டிவிட்டுப் போனார். தெருவில் நாலு வீட்டுக்கு நானே போய், என் பெண் விருது வாங்குகிறாள், டிவி போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை நீ நம்பமாட்டாய். வெங்கடேசனைக் கேட்டுப் பார்.

நடிப்புக்கு, பாட்டுக்கு, உடைக்கு என்று வரிசையாக விருது கொடுத்துக்கொண்டே வந்தார்கள். நாட்டிலுள்ள எல்லா மொழித் தொடர்களுக்கும் சேர்த்துக் கொடுப்பதாம். அப்புறம் நிகழ்ச்சியை நடத்துகிற பெண் மைக்கில், எந்தப் பாத்திரத்துக்கு எந்த முகம் என்று தேடிக் கண்டுபிடிக்கிறவர்கள் திரையில் தெரிவதே இல்லை, அவர்களைக் கௌரவிக்கிற விருது அடுத்து வருகிறது என்றாள். நடிகர் தேர்வு இயக்குநர் என்று உன் வேலைக்குப் பெயர் சொன்னாள். இத்தனை வருடம் சபையில் விசாரித்தவர்களிடம் நான் என்ன சொல்லி வந்தேன் தெரியுமா? "சினிமாவுக்கு ஆள் புடிச்சிக் குடுக்குது" என்று சொல்லி வந்தேன். தெரியுமா என்ன, உன் காதுபடவே ஒரு கிறிஸ்துமஸ் அன்றைக்குச் சொல்லியிருக்கிறேன். நீ கேக் வெட்டிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்க்கவில்லை.

போட்டியில் இருந்த ஒவ்வொருவரும் எப்படி ஆள் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு துண்டுப் படம் போட்டார்கள். உன் முறை வந்தபோது நம் வீட்டு முன்னறை தெரிந்தது. பச்சைச் சுவர், சபைக் காலண்டர், ஆணியில் என் குடை. சுவருக்கு முன்னால் ஜோஹரா நின்றாள். ஒலிமுகமதுபேட்டையில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த ஜோஹராவா இது என்று இருந்தது. உன் தொடரில் வருகிற செங்கல் சூளைக் கூலிக்காரி, மகளைப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு விடச் சொல்லி முதலாளியைக் கேட்கிற இடம். "ஒரே ஒரு வாரம் வுடுங்க சாமி, பரீச்ச முடிஞ்சதும் நானே இட்டுக்கினு வந்துர்றேன்" என்று கெஞ்சினாள். முதலாளி படத்தில் இல்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ அவன் வசனத்தை வாசித்தார்கள். "முடியாது. முடியாதுன்னா முடியாதும்மா. எதுவா இருந்தாலும் எழுதிக் குடுத்துட்டுப் போ."

அம்மாவின் குரல், சுகா.

அது டிவியிலிருந்து வருகிறது என்று எனக்கு முதலில் தோன்றவில்லை. சட்டென்று பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு சிரிப்பு வந்தது. பக்கவாதம் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அப்புறம் உன் பெயரைச் சொன்னார்கள். வெங்கடேசன் வீட்டில் விசில் அடித்தார்கள். நீ அந்தப் பழைய மூக்குக்கண்ணாடியோடுதான் மேடை ஏறினாய், அதை மாற்று. அம்மா பெயரைச் சொன்னாய். ஜோஹரா பெயரைச் சொன்னாய். கூரத்திலிருந்தும் முசரவாக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து நின்று, வாய்ப்புக் கிடைக்காமல் திரும்பிப் போன பெண்களுக்கெல்லாம் நன்றி சொன்னாய். அடுத்தது நான்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், கொஞ்ச நேரம் கோபம்கூட வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு எதிர்பார்த்தாய் என்று அப்புறம் என்னையே கேட்டுக்கொண்டு டிவியை அணைத்தேன்.

ஏழரை மணிக்கு அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்தேன். இரண்டு ஸ்பூன் குடித்தாள். மூன்றாவதுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "முடியாது" என்றாள்.

நான் ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டேன். என்னம்மா சொன்ன, என்ன சொன்ன என்று கத்தினேன். மறுபடியும் "முடியாது" என்றாள். 'ஆ'வும் 'ஊ'வும் தவிர ஒன்றும் வராத வாய். எழுத்து எழுத்தாகத் தெளிவாக வந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவளுக்கு என்னைப் பார்த்தால் வேடிக்கையாக இருந்தது. கடைசியில் அந்தக் கஞ்சியை நான்தான் குடித்தேன்.

இதுதான் நல்ல சேதி. இன்றைக்கே தபாலில் சேர்க்கலாம் என்று பார்த்தால், ஊருக்குள் கருட சேவைக் கூட்டம். பஸ் எல்லாம் பாலாற்றுப் பக்கமாகச் சுற்றிப் போகிறது. நாளைக்குப் பார்க்கிறேன்.

புதன்கிழமை

கடிதம் இரண்டு நாள் மேஜையிலேயே கிடந்தது. கூட்டம் நேற்றே கலைந்துவிட்டது, அதைச் சாக்குச் சொல்ல முடியாது. எழுதியதைத் திரும்பப் படித்தால், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கஞ்சிக் கதை சொல்லியிருக்கிறேன். பத்திரம் எழுத வருகிற கட்சிக்காரர் எவராவது இப்படிச் சுற்றி வளைத்தால், விஷயத்துக்கு வாய்யா என்று அதட்டுகிறவன் நான்.

நேற்று காலையில் காயத்ரி வந்தாள். அம்மாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். வாரம் ஒரு முறை ஸ்கூட்டியில் வந்து படம் போட்ட அட்டைகளைக் காட்டி, இது என்னம்மா, பூனை, சொல்லுங்க பூனை என்பாள். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பூனையை அவளுக்குப் பிடிக்கவில்லை. நேற்று நான் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னேன். வெங்கடேசன் அந்தத் துண்டுப் படத்தை என் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தான், அதைப் போட்டேன். முதலாளி வசனம் வந்தது. அம்மா கூடவே "முடியாது" என்றாள்.

காயத்ரி ஐந்து முறை போடச் சொன்னாள். ஐந்து முறையும் சொன்னாள். ஆறாவது முறை "முடியாதும்" வரை போய் நின்றது. உன் போனில் மட்டும் வரவில்லை, திங்கட்கிழமை நீ பேசும்போது இரண்டு முறை வாயைத் திறந்து பார்த்தாள். என்னைப் பார்த்தால்தான் அந்த வார்த்தை வருகிறது.

காயத்ரி சொன்னது இது. "சார், அவங்க அந்த வசனத்த நூறு வாட்டி படிச்சிருப்பாங்க. மனசுல பதிஞ்சி போனது வழி கண்டுபுடிச்சி வருது. பூனை அட்டைய தூக்கிப் போட்ருவோம். அவங்க பேசின வீடியோ இருந்தா அதையே பாடமா வெச்சிக்கலாம். ஆனா இதுல குரல்தான் இருக்குது. முகம் தெரியணும் சார். அவங்க வாய் எப்படி அசையுதுன்னு அவங்களே பாத்துப் பாத்துச் சொல்லணும். கிட்டத்துல, நேரா பாத்து, நாலு வரி பேசின மாதிரி ஒண்ணு இருந்தா போதும். வூட்ல இருக்குமே?"

வீட்டில் இல்லை. என் போனைத் தேடினேன். காலை வணக்கப் பூப்படங்கள்தான் ஆயிரம் இருக்கின்றன. கல்யாண வீடியோவில் அம்மா தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு குறுக்கே போகிறாள். சபைப் பண்டிகை வீடியோவில் கடைசி வரிசையில் முக்காடு தெரிகிறது. அவள் பேசுவதை யார் எடுத்து வைப்பார்கள்? பேசிக்கொண்டேதானே இருந்தாள். சேலைக்குக் குஞ்சம் கட்டும்போது பேசினாள், சமைக்கும்போது பேசினாள், நான் பேப்பர் படிக்கும்போது பேசினாள். கொஞ்சம் சும்மா இரு என்று நான் சொல்லாத நாளில்லை. அவள் வாயடைத்துப் போய் இத்தனை மாதம் ஆன பிறகு, அதைச் சொன்னதற்காக என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

காயத்ரி கேட்ட மாதிரிப் படம் ஒன்றே ஒன்று இருந்தது. கிட்டத்தில், நேராகப் பார்த்து, நாலு வரி. அது எங்கே போயிற்று என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜூன் மாதம். நடிகர் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னறை வேண்டும் என்று கேட்டு வந்தாய். முதல் நாள் நான் ஆபீசுக்குப் போயிருந்தேன். வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க அம்மாவைச் சுவர் முன்னால் நிற்க வைத்து, சும்மா இதைச் சொல்லும்மா என்று அந்தக் கூலிக்காரி வசனத்தைக் கொடுத்திருக்கிறாய். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். "அப்பா, நாலு மாசமா ஊரு ஊரா தேடிக்கினு இருந்தேன்பா. நம்ம வூட்லயே இருக்குது" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நீ பத்தாவது பாஸ் பண்ணிய நாளில்தான் பார்த்திருக்கிறேன்.

நான் இரண்டு வரி பார்த்தேன். அம்மா தினமும் உடுத்துகிற நூல் சேலையில் நின்று நேராக என்னைப் பார்த்தாள். "சாமி, எம்பொண்ணு நல்லா படிக்குது சாமி" என்றாள். சாமி என்ற சொல் காதில் விழுந்ததும் லேப்டாப்பை மூடினேன். அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஏன் மூடினேன் என்று அன்றைக்கு நான் கத்தினதை மட்டும்தான் கேட்டாய். இப்போது நிதானமாகச் சொல்லுகிறேன். உன் தாத்தா முனுசாமி முசரவாக்கத்தில் அடுத்தவன் நிலத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர். காட்டின இடத்திலெல்லாம் கைநாட்டு வைத்தவர். எதில் வைத்தோம் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. அதைப் பார்த்துத்தான் நான் பத்திரம் எழுதுகிற வேலைக்கே வந்தேன். என் வீட்டில் எவரும் எவனையும் சாமி என்று கூப்பிடக் கூடாது என்பது நான் எனக்குள் போட்டுக்கொண்ட சட்டம். ஊரெல்லாம் முகம் தேடிப்போன என் பெண், ராணி வேஷத்துக்கும் டாக்டர் வேஷத்துக்கும் வெளியே தேடிவிட்டு, கூலிக்காரி வேஷம் என்றதும் நம் வீட்டுக்கு வருகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கூலிக்காரின்னா உங்கம்மா மூஞ்சிதான் கெடச்சிதா உனுக்கு?" என்று கேட்டேன்.

அம்மாதான் அடுப்படியிலிருந்து பதில் சொன்னாள். "எங்கம்மாவ நெனச்சிக்கினு சொன்னேன்பா. அது கால்ல வுழல. நின்னுக்கினுதான் கேட்டுது. நானும் நின்னுக்கினுதான் கேட்டுக்கீறேன், முழுசா பாரு" என்றாள். முழுசாகப் பார் என்று சொன்னாள். நான் பார்க்கவில்லை. அந்தக் கோபம் முழுவதும் தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அவளைக் கேட்காமல் அவள் முகத்துக்கு நான் சொந்தக்காரனானேனே, அது தப்பு.

அதோடு விட்டேனா? சம்மதப் படிவத்தில் கையெழுத்தில்லை என்றால் நீயே படத்தை எடுத்துக்கொள்ள மாட்டாய். உனக்கு அந்த நேர்மை உண்டு. எனக்கு அது போதவில்லை. என் கண் முன்னால் அழிக்கச் சொன்னேன். அழித்தாய். குப்பையில் போட்டதையும் அழிக்கச் சொன்னேன். அதையும் செய்தாய். பிறகு, கட்சிக்காரர் ஒருவர் வேண்டாமென்று விட்டுப்போன இருபது ரூபாய்ப் பத்திரம் பீரோவில் இருந்தது, அதை எடுத்து உட்கார்ந்தேன். பெற்ற மகளிடம் முத்திரைத்தாளில் எழுதி வாங்கின அப்பன் இந்தக் காஞ்சிபுரத்தில் என்னைத் தவிர வேறு எவனும் இருக்கமாட்டான். "மேற்படி எல்லம்மாளின் முகமோ உருவமோ அடங்கிய படம் எதுவும் என்னிடத்திலும் என்னைச் சார்ந்தவரிடத்திலும் இல்லை என்றும், இனி எடுக்கவும் மாட்டேன் என்றும்" என்று எழுதினேன். சாட்சிக்கு வெங்கடேசனைக் கூப்பிட்டேன். அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போட்டான். இரண்டாவது சாட்சியாக அம்மாவையே போட வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எல்லம்மாள் என்று முழுப் பெயரையும் எழுதினாள்.

மறுநாளிலிருந்து அவள் கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வருகிற பெண்களுக்கு டீ கொடுத்து, பயம் தெளியப் பேசி, எதிர் வசனத்தை வாசிக்கிற வேலை. நான் முறைத்தேன். "மொகமும் உருவமும்தான் எடுக்கக் கூடாதுன்னு எழுதிக்கீற. கொரல பத்தி உன் பத்திரத்துல ஒண்ணும் இல்லயே" என்றாள். முப்பத்துநான்கு வருடத்தில் என் பத்திரத்தில் ஓட்டை கண்டுபிடித்த ஒரே ஆள், எட்டாம் வகுப்புப் படித்த என் பெண்டாட்டி. அன்றைக்கு ரோஷத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்த ஒரு வார்த்தையை எழுத விட்டுப்போன புண்ணியத்தில்தான் இன்றைக்கு அவள் குரலாவது இந்த உலகத்தில் இருக்கிறது. எனக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை, மறந்துபோய் விட்டதுதான்.

நேற்று மத்தியானம் ஜோஹராவும் அவள் வீட்டுக்காரர் ஃபக்ருதீன் பாயும் வந்தார்கள். பாய் ஒரு பெட்டி நிறைய மக்கன்பேடா வாங்கி வந்திருந்தார். கடையில் அளவெடுக்கிற கண்ணாடிக்கு மேலே ஜோஹரா படத்தைப் பெரிதாக மாட்டி, வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டுகிறாராம். பிளவுஸ் பிட்டு கொடுக்க வருகிறவர்கள் ஜோஹராவோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்களாம். நீங்கள் எப்படி பாய் சம்மதித்தீர்கள் என்று கேட்டேன். "நான் என்னண்ணா சம்மதிக்கிறது? அதோட மொகம், அது நடிக்கப் போவுது" என்றார். கையிலெடுத்த இனிப்பைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன்.

ஜோஹராவிடம் அந்தத் துண்டுப் படத்தைப் போட்டுக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாய் என்றேன். சொல்லமாட்டேன் என்றாள். அம்மா இடது கையை ஆட்டி, சொல்லு சொல்லு என்று காட்டினாள். அப்புறம் சொன்னாள். "தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா. பேப்பர்ல மொதலாளிக்கு 'முடியாது, போ' அவ்ளோதான் இருந்திச்சி. எனக்கு அழுகையே வரல. அக்காதான், இரு, நான் எங்கூட்டுக்காரரு மாதிரி சொல்றேன், உனுக்கு தானா அழுகை வரும்னாங்க. 'எழுதிக் குடுத்துட்டுப் போ'ன்னு சொன்னாங்க பாருங்க, எனக்கு நெஜமாவே அழுகை பொத்துக்கினு வந்திச்சி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தப் பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று நெருடிக்கொண்டே இருந்தது. அது நான். உனக்கு எவ்வளவு நாளாகத் தெரியும்? எடுக்கும்போதே தெரிந்திருக்கும். என்னைப் பார்த்தால் மட்டும் ஏன் அந்த வார்த்தை வருகிறது என்று இப்போது விளங்குகிறது. என் வீட்டில் ஒருவரும் எவனையும் சாமி என்று கூப்பிடக் கூடாது என்று காவல் இருந்தவன், முதலாளியாக வீட்டிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் சொன்னதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். ஜோஹராவுக்குச் சொல்லிக் கொடுக்கப் படப்பிடிப்புக்குக் கூட்டிப்போய், சூளை வெயிலில் உட்கார வைத்து நீதான் உன் அம்மாவை இப்படி ஆக்கினாய் என்றேன். டாக்டர் ரத்த அழுத்தம் என்று தெளிவாகச் சொன்ன பிறகுதான் அப்படிச் சொன்னேன். யாரையாவது சொல்ல வேண்டியிருந்தது, நீ பக்கத்தில் நின்றாய். சூளையில் இருந்த அந்த நாலு மாதம் போல அவள் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. தினமும் சாயங்காலம் செங்கல் தூசியோடு வந்து, இன்னைக்கு ஜோஹராவுக்கு நான் என்ன சொல்லிக் குடுத்தேன் தெரியுமா என்று ஆரம்பிப்பாள். நான் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன்.

இப்போது கேட்க வேண்டியதற்கு வருகிறேன்.

முகம் தெரிகிற படம் இருக்கிறதா என்று காயத்ரி கேட்டபோது, இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா இடது கையைத் தூக்கி அந்தப் பச்சைச் சுவரைக் காட்டினாள். காட்டிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைக் கேட்டுச் சொல்லுகிறேன் என்று காயத்ரியிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றைக்கு எழுதின பத்திரத்தைப் பீரோவிலிருந்து எடுத்து மேஜையில் வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து பத்து முறை படித்துவிட்டேன். சொத்துத் தகராறில் கள்ளக் கையெழுத்தைத் தேடுகிற மாதிரி, இதில் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருக்கிறேன். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று உனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஓதியிருக்கிறேன். அன்றைக்கு நீ ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டாய். காப்பாற்ற நினைக்கிற வாக்காக இருந்தால் படித்திருப்பாய் இல்லையா? பென்சில் தொலைந்தால்கூட அழுகிற பெண் நீ, அம்மா முகத்தை அழிக்கும்போது அழவில்லை. "ஒருத்தர் மொகத்தையும் நாங்க தூக்கிப் போடமாட்டோம்மா, எப்ப எது வேணும்னு சொல்ல முடியாது" என்று நீ அம்மாவிடம் சொன்னதை நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறேன். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டுதான் இரண்டு நாளாக இருக்கிறேன்.

பொய்யென்றால் உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். நான் எழுதின பத்திரங்களில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது இதுதான் முதல் முறை. நீ அந்தப் படத்தை அனுப்பு. இந்த முறை முழுசாகப் பார்க்கிறேன்.

உண்மையாகவே அழித்துவிட்டாய் என்றால் அதை அம்மாவிடம் நீ சொல்ல வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன். அது என்னுடைய வேலை. அப்போதும் நீ வர வேண்டும். பத்திரத்தைக் கிழித்து இத்துடன் வைக்கலாம் என்று எடுத்தேன். அம்மா வலது கையால் போட்ட கையெழுத்து இந்த வீட்டில் இருப்பது அது ஒன்றில்தான். கிழிக்கக் கை வரவில்லை. எங்கள் தொழிலில் தப்பாக எழுதினதைச் சரிசெய்யப் பிழைதிருத்தல் பத்திரம் என்று ஒன்று உண்டு. முதலில் கையெழுத்துப் போட்ட இரண்டு தரப்பும் நேரில் வராமல் அது செல்லாது. நான் இங்கே இருக்கிறேன்.

அடியில் இருக்கிற கோணல் 'எ' அம்மா இடது கையால் எழுதினது. பேனாவை அவளேதான் பிடுங்கிக்கொண்டாள். மீதி எழுத்தையும் எழுது என்றேன், "முடியாது" என்று சொல்லிவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னையும் உன் கைவேலையையும் ஆசீர்வதிப்பாராக. அந்த ஜூன் மாதச் சாயங்காலம் நீ அப்பா சொல்லைக் கேட்காத பிள்ளையாக இருந்திருக்க அவர் உனக்குக் கிருபை செய்திருப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா
டேனியல்

எ